கைவிசேடத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டுமா?

கோண்டாவில் அப்பப்பா
ஏப்ரல் 16, வியாழன், காலை 6.10

எல்லோருக்கும் பராபவ வருட வாழ்த்துகள். வருடம் பிறந்து இன்றைக்கு மூன்றாம் நாள். வீட்டில் பலகார வாசம் இன்னும் போகவில்லை. மனைவி நல்ல நித்திரை. முற்றத்தைக் கூட்டி, கோழிகளைத் திறந்து விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

போன பராபவ 1966 இல் வந்தது. அப்போது எனக்கு 8 வயது. 60 வருடச் சுற்று முடிந்து அதே பெயர் திரும்பி வந்திருக்கிறது. அந்த வருடக் கைவிசேடமாக அப்பு வெற்றிலைக்குள் ஐம்பது சதக் குற்றிக்காசு ஒன்றும் நாலு நெல்லும் வைத்து என் கையில் தந்தது நினைவிருக்கிறது. காசை என்ன செய்தேன் என்று நினைவில்லை. அப்புவின் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

34 வருடம் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், வேலை செய்தேன். அந்தக் காலம் முழுக்க வருடப்பிறப்பு என்றால் எனக்கு விழா முற்பணத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும், இரண்டு நாள் லீவும்தான். மற்றதெல்லாம் தானாக நடந்தது என்று நினைத்திருந்தேன். 2018 இல் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பிறகுதான் தானாக எதுவும் நடக்கவில்லை என்று கண்டேன். இரண்டு கிழமைக்கு முன்பே மனைவி தொடங்கி விடுவார். வேப்பம்பூ பொறுக்கி வடகம் போட வேண்டும். வீடு முழுக்கக் கழுவ வேண்டும். அரிசி ஊறப்போட்டு இடித்து வறுக்க வேண்டும். பிறகு பயறு.

பயறு வறுப்பது இப்போது என் பொறுப்பு. நிறத்தைப் பார்த்து இறக்கக் கூடாது என்று மனைவி முதல் வருடமே சொல்லித் தந்தார். தாச்சியில் கிளறிக்கொண்டே இருக்கும்போது முதலில் பச்சை வாசம் வரும். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு பயறு படபடவென்று வெடிக்கும். அதன் பிறகு ஒரு இனிப்பு வாசம் எழும்பும். அந்த வாசம் குசினியைத் தாண்டி விறாந்தைக்கு வரும் நேரத்தில் இறக்கிப் பேப்பரில் பரப்பிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் தாச்சிச் சூட்டில் அது கருகும். எட்டு வருடமாகப் பழகி, இந்த முறை "பரவாயில்லை, இறக்கலாம்" என்று அவர் சொல்லாமலே சரியாக இறக்கினேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோசம்.

எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம். எங்கள் பக்கம் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம். மனைவி மட்டுவில் பெண், அவர்களுக்குத் திருக்கணிதம். வருடம் பிறக்கும் நேரத்தில் இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட வித்தியாசம்தான். ஆனால் கல்யாணம் முடித்த முதல் வருடம் அந்த வித்தியாசம் வீட்டையே இரண்டாக்கி விட்டது. அப்பா தன்னுடைய நேரத்துக்குத்தான் மருத்துநீர் (மூலிகைத் தண்ணீர்) தலையில் வைப்பேன் என்று கிணற்றடியில் நிற்கிறார். மனைவி ஒன்றும் எதிர்த்துக் கதைக்கவில்லை. பஞ்சாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, புண்ணியகாலம் பிறப்புக்கு முன் நாலு மணித்தியாலம், பின் நாலு மணித்தியாலம். ரெண்டு எட்டு மணித்தியாலத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ஏழு மணித்தியாலத்துக்கு மேலை பொதுவாக் கிடக்கு. அதுக்குள்ளை வைச்சா ரெண்டு பக்கமும் சரிதானே" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப பிள்ளை சொல்லுற நேரத்துக்கு வைப்பம்" என்றார். அன்றிலிருந்து அப்பா இறக்கும் வரை நேரம் பார்த்துச் சொல்லும் வேலை என் மனைவிக்குத்தான்.

கைவிசேட நேரத்தை மட்டும் அப்படிப் பொருத்த முடியவில்லை. அதனால் இரண்டு நேரத்துக்கும் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு வருடமும் இரண்டு தரம் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மகன் குடும்பம் ரொறன்ரோவில். பேத்திக்கு 5 வயது. இந்த முறை வருடம் இங்கே செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தது. அங்கே அப்போது திங்கள் இரவு, பிள்ளை நித்திரை. ஆகவே இங்கே பின்னேரம் ஐந்தரைக்கு, அங்கே காலை எட்டு மணிக்கு, வீடியோவில் கதைத்தோம். மனைவி கோயிலில் வாங்கிய மருத்துநீரில் கொஞ்சம் போத்தலில் எடுத்து வைத்திருந்தார். புண்ணியகாலம் முடிந்து விட்டதே என்று கேட்டேன். "பிள்ளைக்கு இப்பதானே விடியுது, அதுக்கு இப்பதான் வருசப்பிறப்பு" என்றார். விரலில் தொட்டு, போனில் தெரிந்த பேத்தியின் உச்சியில் வைத்தார். ஒரு தரம் வைத்தால் போதாதென்று மூன்று தரம் வைத்தார். போன் நனைந்து, இரவு முழுக்க அரிசிப் பானைக்குள் கிடந்தது. அடுத்த நாள் வேலை செய்தது. மகன் சிரித்தான். பேத்தி சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து வடிவாகக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு கைவிசேடம். பேத்தி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். நான் வெற்றிலையில் வைத்த புது நூறு ரூபாயைப் போனில் அவள் கை தெரிந்த இடத்தில் வைத்தேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, வரேல்லை" என்றாள்.

அந்த இரண்டு சொல் மூன்று நாளாக எனக்குள் நிற்கிறது. மகன், "அப்பா, நான் இங்கே ஐந்து டொலர் குடுக்கிறன், நீங்கள் தந்ததெண்டு சொல்லுறன்" என்றான். நல்ல பிள்ளை. ஆனாலும் அது அவன் கை. கைவிசேடம் என்று பெயரிலேயே கை இருக்கிறது. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

---

மானிப்பாய்க் கிணற்றடி
ஏப்ரல் 16, வியாழன், காலை 7.45

அண்ணை, வாசித்துவிட்டு இரண்டு நிமிடம் அப்படியே இருந்தேன். "வரேல்லை" என்று எங்கள் வீட்டிலும் ஒருவன் சொன்னான்.

நான் செய்வது இதுதான். பழைய பால்மா ரின் மூன்று இருக்கிறது. மூன்று பேரப்பிள்ளைகளுக்கு மூன்று ரின். ஒவ்வொரு வருடமும் சரியான நேரத்துக்கு, சாமி அறையில் விளக்குக் கொளுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் நிற்பது போலவே வெற்றிலையோடு எடுத்து ரின்னுக்குள் போடுவேன். வெற்றிலை காய்ந்து தூளாகப் போய்விடும், அதை மட்டும் பிறகு எடுத்துவிடுவேன். 2023 ஆடியில் மூத்த மகள் குடும்பம் வந்தது. 10 வருடக் கைவிசேடத்தையும் ஒரே நாளில் கொடுத்தேன். பெடியன் நிலத்தில் தாள்களைப் பரப்பி வைத்து, "இதிலை நான் பிறந்த வருசக் காசு எது அம்மம்மா?" என்று கேட்டான். நல்ல வேளை, ஒவ்வொன்றிலும் பென்சிலால் வருடப் பெயர் எழுதியிருந்தேன். ஜய வருடத் தாளை எடுத்துத் தந்தேன். மற்றதெல்லாம் ஐஸ்கிறீமுக்குப் போனது. அந்த ஒரு தாளை மட்டும் கொண்டு போய்விட்டான்.

நேரத்துக்கு எடுத்து வைப்பதுதான் முக்கியம், கையில் சேருவது பிந்தினாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

---

லண்டன் ஈஸ்ட்ஹாம்
ஏப்ரல் 16, வியாழன், பகல் 1.20

ஐயா, அக்கா இரண்டு பேருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

பெரியவர்கள் மனதார நினைத்துக் கொடுத்தால் வங்கியில் போட்டாலும் அது கைவிசேடம்தான். என் அம்மா ஒவ்வொரு வருடமும் என் ஊர்க் கணக்கில் 101 ரூபா போடுவார். அவருக்கு 81 வயது. அதற்காக முச்சக்கரவண்டி பிடித்து வங்கிக்குப் போய், சிட்டை நிரப்பி, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார். அந்தப் படத்தில் அவருடைய பெருவிரல் தெரியும். எனக்கு அது போதும். கையில் வந்தால்தான் என்று நாங்கள் நின்றால், வர முடியாத பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கு இல்லை என்று அல்லவா நினைப்பார்கள்?

---

மானிப்பாய்க் கிணற்றடி
ஏப்ரல் 16, வியாழன், பகல் 1.50

தம்பி, பெருவிரல் தெரிகிறது என்று நீரே சொல்லிவிட்டீர். அதுவும் கைதானே.

---

சுன்னாகம் வாத்தியார்
ஏப்ரல் 16, வியாழன், இரவு 8.05

நேரத்தைப் பற்றிக் கதை வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். வருடப்பிறப்பு நேரம் ஏன் இப்படி மாறி மாறி வருகிறது என்று என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போதும் கேட்பார்கள். சூரியன் மேட ராசிக்குத் திரும்பி வர 365 நாளும் ஏறக்குறைய 6 மணித்தியாலம் 9 நிமிடமும் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு வருடமும் பிறப்பு ஆறு மணித்தியாலம் தள்ளிப் போகும். 2024 இல் இரவில் பிறந்தது, 2025 இல் விடியமுன், இந்த முறை காலை, அடுத்த முறை பின்னேரம். நாலு வருடத்துக்கு ஒருமுறை பெப்ரவரி 29 வந்து பழைய இடத்துக்கு இழுத்து விடும். மிச்சமாக நிற்கிற அந்த 9 நிமிடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் வருடப்பிறப்புத் திகதியையே தள்ளிக்கொண்டு போகிறது.

சூரியன் ராசி மாறுவது உலகம் முழுக்க ஒரே கணம். ரொறன்ரோ பிள்ளைக்கும் அந்தக் கணத்தில்தான் வருடம் பிறந்தது, நித்திரையில் இருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் உங்கள் மனைவி சொன்னதை நான் மறுக்க மாட்டேன். விடியாமல் ஒரு பிள்ளைக்கு வருடம் எப்படிப் பிறக்கும்?

மணிக்கூட்டாலும் நாங்கள் பட்ட பாடு உண்டு. 1996 மே மாதம் நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலத்தை 2006 இல் எடுத்தார்கள், அதுவும் வருடப்பிறப்பு முடிந்த அன்றிரவு. இடையில் பத்து வருடம் எங்கள் வீட்டில் சுவர் மணிக்கூடு ஒரு நேரம், ஆச்சியின் மேசை மணிக்கூடு ஒரு நேரம். ஆச்சி பழைய நேரத்தை விடவே இல்லை. 2006 இல் நான் சுவர் மணிக்கூட்டை ஏணி வைத்து ஏறித் திருப்பும்போது அவர் கதிரையில் இருந்தபடி, "வந்திட்டியளோ" என்றார்.

---

பனங்கூடல்
ஏப்ரல் 16, வியாழன், இரவு 10.30

எனக்கு வயது 24. பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் நானும் எழுதலாம் தானே?

நாங்கள் இந்த முறையும் ஒழுங்கையில் போர்த்தேங்காய் அடித்தோம், தேங்காயைத் தேங்காயால் அடித்து உடைக்கும் விளையாட்டு. சிரட்டை தடித்த தேங்காயைத் தேடி வடமராட்சி வரை போனோம். காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்லித் தந்தார். என் தேங்காய் நாலு தேங்காயை உடைத்தது. ஐந்தாவதில் போய்விட்டது. உடைந்த தேங்காய் எல்லாம் அம்மாவுக்கு, அடுத்த நாள் பங்கு இறைச்சிக் கறிக்கு.

பெரியப்பாவின் மகன் சுவிஸில். அவன் தேங்காய் ஒன்றையும் தன் பெயரில் அடிக்கச் சொல்லிக் காசு அனுப்பினான். வீடியோவில் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் அடியிலேயே உடைந்து விட்டது. "நீ சரியாப் பிடிக்கேல்லை" என்று இன்றைக்கு வரை என்னோடு சண்டை. ஆகவே அப்பப்பா சொல்வது எனக்கு விளங்குகிறது. சில விசயத்துக்கு ஆள் வர வேண்டும்.

---

கோண்டாவில் அப்பப்பா
ஏப்ரல் 17, வெள்ளி, காலை 5.50

எல்லோருடைய எழுத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பால்மா ரின் கதைக்கு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து விட்டார். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ரின் ஆயத்தம். வாத்தியார், ஆச்சியின் "வந்திட்டியளோ" கேட்டு மனைவி சிரித்தபடியே இருந்தார்.

அலுமாரியில் ரின் தேடும்போது வேறொன்று வந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதியிலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டது இங்கே பலருக்கும் தெரியும். நாங்கள் நாவற்குழிப் பாலம் தாண்டி மட்டுவிலுக்கு, மனைவியின் தாய் தகப்பன் வீட்டுக்குப் போனோம். கைக்குழந்தை தொடக்கம் கிழவர் வரை அந்த வீட்டில் 23 பேர். மாமி காலையில் பெரிய கிடாரத்தில் கஞ்சி வைப்பார். தோட்டத்தில் கத்தரிக்காய் இருந்ததால் கறிக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதமாகக் கத்தரிக்காய்தான். பிள்ளைகள் ஒருவரும் அதைக் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

1996 சித்திரை வருடப்பிறப்பு அந்த வீட்டில் வந்தது. மாமா பழைய ஆள், கைவிசேடம் கொடுக்காமல் விடமாட்டார். குற்றிக்காசு ஒன்றும் கையில் இல்லை. இருந்தது ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி மட்டும். கதிரையில் இருந்தார். பக்கத்தில் தட்டத்தில் நெல்லும் வெற்றிலையும். முதல் பிள்ளையைக் கூப்பிட்டு வெற்றிலையில் அந்த ஐந்து ரூபாயை வைத்துக் கொடுத்தார். பிள்ளை காலில் விழுந்து எழும்பிக் காசைத் திருப்பி அவர் கையில் வைத்தது. அடுத்த ஆள். அப்படியே 21 பேர் வாங்கி, 21 பேர் திருப்பிக் கொடுத்தோம். எனக்கு அப்போது 38 வயது, நானும் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். கடைசியாக மாமியைக் கூப்பிட்டார். மாமி வாங்கினார், திருப்பிக் கொடுக்கவில்லை. சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டு கஞ்சிக்குப் போய்விட்டார். மாமாவும் கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவு ஆட்களும் வந்து விட்டார்கள்.

அந்தக் கிழமையே பிரச்சினை மீண்டும் தொடங்கியது, அதன் பிறகு கோண்டாவிலுக்குத் திரும்பினோம். மாமாவும் மாமியும் இப்போது இல்லை. மாமி போக முன் அந்தக் குற்றியை என் மனைவியிடம் கொடுத்திருக்கிறார். நேற்று ஒரு மஞ்சள் துணி முடிச்சிலிருந்து எடுத்தார். நடுவில் ஓரிடம் தேய்ந்து மினுங்குகிறது. என் மகன் அன்று அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது மூன்று வயது.

நூறு ரூபாய் வேண்டாம், பேத்திக்கு இதைக் கொடுப்போம் என்று மனைவி சொல்கிறார். தபாலில் போட எனக்கு மனமில்லை. நாங்கள் போவதென்றால் விசா எப்போது வரும் என்று தெரியாது.

---

லண்டன் ஈஸ்ட்ஹாம்
ஏப்ரல் 17, வெள்ளி, பகல் 12.40

ஐயா, நேற்று எழுதியதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. ஆனால் இந்தக் குற்றியை வங்கியில் போட வேண்டாம். யாரிடமாவது கையில் கொடுத்து அனுப்புங்கள்.

---

ஊருக்கு வந்த பிள்ளை
ஏப்ரல் 17, வெள்ளி, பின்னேரம் 4.15

வணக்கம் ஐயா. நான் ஸ்காபரோ. வருடப்பிறப்புக்கு என்று அம்மாவிடம் இணுவிலுக்கு வந்தேன், 26 ஆம் திகதி திரும்புகிறேன். இந்த இழையை முதல் நாளிலிருந்து வாசிக்கிறேன், எழுதுவதில்லை.

நான் கொண்டு போய்ப் பேத்தியின் கையில் கொடுக்கட்டுமா? எனக்கும் 7 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சரியாகக் கொடுப்பேன். வெற்றிலை அங்கே எங்கள் பக்கத் தமிழ்க் கடையிலேயே வாங்கலாம். நீங்கள் அதே நேரம் வீடியோவில் நில்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் கொடுக்கிறேன்.

---

கோண்டாவில் அப்பப்பா
ஏப்ரல் 17, வெள்ளி, பின்னேரம் 4.30

பிள்ளை, நீர் நல்லாய் இருக்க வேண்டும். மனைவி பக்கத்தில் நிற்கிறார். இணுவில் கூப்பிடு தூரம்தானே, ஞாயிறு காலையில் சைக்கிளில் வந்து தருகிறோம். அம்மாவையும் பார்த்ததாக இருக்கும். அவர் கேட்கச் சொல்கிறார், உம்முடைய பெட்டியில் இடம் இருக்கிறதா?

---

ஊருக்கு வந்த பிள்ளை
ஏப்ரல் 17, வெள்ளி, பின்னேரம் 4.42

குற்றிக்கு இடம் இல்லாமலா ஐயா? கைப்பையில் என்னோடேயே வரும்.

பெட்டியைக் கேட்டால், அம்மா மிளகாய்த்தூளும் ஒடியலும் கட்டி வைத்துவிட்டார். இன்னும் 4 கிலோ வைக்கலாம்.

---

கோண்டாவில் அப்பப்பா
ஏப்ரல் 17, வெள்ளி, பின்னேரம் 4.55

பயத்தம் பணியாரம் இரண்டரைக் கிலோ, வேப்பம்பூ வடகம் அரைக் கிலோ, முறுக்கு ஒரு கிலோ. சரியாக 4. பணியாரத்தில் பாதி உம்முடைய மகளுக்கு. பயறு நாளைக் காலையில் வறுக்கிறேன்.